மாரப்பன் என்கிற பதினோராயிரத்து நானூறு பேர்

மாரப்பன் பதினோராயிரத்து நானூறு பேராக மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீ டைமில். அது நடந்தபோது அவருக்குத் தெரியவில்லை. உடம்பில் எங்கும் வலிக்கவில்லை. ஒரு கையில் பாதி டீ, இன்னொரு கையில் தேங்காய் பன். அவ்வளவுதான்.

அருள்புரத்தில் அவர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒருவர் வந்து நின்றார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். பெயர் சுரேந்தர் என்றார். வருகிற நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றிச் சில கேள்விகள் கேட்க வேண்டும், ஐந்து நிமிடம் போதும் என்றார். டேப்லெட்டோடு யாராவது கேட்டுக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஏது என்று பார்ப்பது ஹெச்.ஆர். மேடம் சத்யப்பிரியாவின் வேலை. எனவே அவரும் வந்து நின்றார்.

மாரப்பன் பார்த்தது மூன்று: அடையாள அட்டை, ஷூ, பக்கத்தில் மேடம். தேர்தல் என்ற சொல் காதில் விழுந்ததா என்றால் விழுந்தது. உள்ளே போகவில்லை. இது ஆடிட் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பையர் சட்டை வாங்கும் முன்பு, அதைத் தைக்கிறவர்கள் சுகமாக இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார். அதற்குத்தான் ஆடிட் என்று பெயர். ஆடிட்டுக்கு ஒரு வாரம் முன்பு கக்கூஸுக்குச் சோப்பு வரும். முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு வரும். கடைசியாகப் பதில்கள் வரும். சத்யப்பிரியா மேடம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, ஒரு தாளைப் பார்த்துச் சொல்லித் தருவார். “பயப்படாம சொல்லுங்க, மனசுல பட்டதைச் சொல்லுங்க” என்று தொடங்குவார். மனசில் பட வேண்டியது தாளில் இருக்கும். மாரப்பன் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேல். அவர் ஒரு வரி விடாமல் வாசித்து, மனப்பாடமும் செய்த முதல் தாள் அதுதான்.

சுரேந்தர் முதல் கேள்வியைக் கேட்டார். உங்கள் பகுதியில் குடிநீர் வசதி எப்படி இருக்கிறது?

“போதுமான அளவு கெடைக்குதுங்க. சுத்தமான தண்ணிங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பண்றாங்க.”

கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் வாழ்க்கை முன்னேறியிருக்கிறதா என்று கேட்டதற்கு, எட்டு மணி நேர வேலைதான், ஓ.டி. பார்ப்பது நம் விருப்பம் என்றார். இந்தத் தேர்தலில் எந்தப் பிரச்சினை முக்கியம் என்று கேட்டதற்கு, பிரச்சினை ஒன்றும் இல்லை, இருந்தால் புகார்ப் பெட்டி இருக்கிறது என்றார். யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் திணறினார். அது தாளில் இல்லாத கேள்வி. பக்கத்தில் வருகிற பதில் எது என்று தேடிப் பிடித்து, சாதி மதம் ஆண் பெண் என்று பாகுபாடு கிடையாது, எல்லோரையும் சமமாக நடத்துகிறார்கள் என்றார். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, பதினெட்டு வயசுக்குக் கீழே யாரும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

சுரேந்தர் தலையாட்டிக்கொண்டே டேப்லெட்டில் விரலால் தட்டினார். சத்யப்பிரியா மேடம் மாரப்பனைப் பார்த்துச் சிரித்தார். ஆறு வருட சர்வீஸில் மேடம் அவரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாரப்பனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பின்னால் இந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வார்.

ஆதாரத்துக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றார் சுரேந்தர். முகம் தெரியாதபடி மறைத்துவிடுவோம், ரகசியம் காப்பது எங்கள் கடமை என்றும் சொன்னார். மாரப்பன் பன்னைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார்.

அன்று அவர் போட்டிருந்த சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருப்பது, வேலைச் சட்டை காயாததால் அன்றைக்குப் போட்டு வந்திருந்தார். கழுத்தும் உடம்பும் மஞ்சள். இடது கை நீலம், வலது கை பச்சை. டிசைன் இல்லை, தைக்கும்போது பண்டல் மாறிப்போனது. பையர் திருப்பி அனுப்பிய பெட்டியிலிருந்து வந்தது. மாரப்பன் குடியிருந்த காம்பவுண்டில் அப்படி ஒரு சட்டை அவரிடம் மட்டும்தான் இருந்தது.

*

அந்தக் காம்பவுண்டில் பன்னிரண்டு வீடு, ஒரு குழாய். குடிதண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம் வரும். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அங்கே குடியிருந்த எல்லோருக்குமே அதே கம்பெனியில்தான் வேலை. மாரப்பன் செக்கிங். அவர் மனைவி மருதாள் பிசிறு வெட்டுகிறவர். அடுத்த வீட்டு விஜயகுமாரி டைலர்.

மூன்று வாரமாகத் தெருமுனையில் நீலக்கோடு போட்ட கறுப்புக் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. வீட்டுக்கு வீடு இணைப்பு, தேர்தல் தேதி அறிவிப்பதற்குள் தோண்டி முடித்துவிடுவார்கள் என்று பேச்சு. மருதாள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்தக் குழாய்களின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நமக்கு வருவது எந்தக் குழாயாக இருக்கும் என்று ஒருநாள் கேட்டார். மாரப்பன் ஒன்றைக் காட்டினார். அதற்குப் பிறகு மருதாள் அதன் மேல்தான் உட்கார்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. குழாய்களை இறக்கிய அதே ஆட்கள் இப்போது ஏற்றினார்கள். காம்பவுண்டே கூடிவிட்டது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் லிங்கசாமி நல்ல மனுஷன். கோபப்படாமல் பதில் சொன்னார். வண்டியில் இருந்த பேப்பரை எடுத்து நீட்டினார்.

“உங்க ஊர்ல தொண்ணூத்தேழு பர்சென்ட் திருப்தின்னு போட்டிருக்குதுங்க. அப்பறம் உங்களுக்கு எதுக்குங்க பைப்பு? வடக்கால ஒரு ஊர்ல கேள்வி கேக்கப் போனவரு மேல காலிக் குடத்தைத் தூக்கி வீசியிருக்கறாங்க. அங்க ஒரு பர்சென்ட்தான். அங்க கொண்டுபோறமுங்க.”

விஜயகுமாரி பேப்பரை வாங்கிச் சத்தமாக வாசித்தார். தொகுதி முழுக்க நடத்திய கருத்துக் கணிப்பு. மொத்தம் நூற்று நாற்பது பேரிடம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் பதினோராயிரத்து நானூறு வாக்காளர்களுக்குச் சமம். அருள்புரம் பக்கம் மட்டும் தனி நிறத்தில் வரைந்து ‘மனநிறைவு மண்டலம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கீழே ஒரு போட்டோ. ‘மனநிறைவு பெற்ற வாக்காளர்’ என்று எழுதியிருந்தது. சொன்னபடியே முகத்தைக் கட்டம் கட்டமாக மறைத்திருந்தார்கள். சட்டையை மறைக்கவில்லை.

விஜயகுமாரி வாசிப்பதை நிறுத்தினார். பேப்பரைப் பார்த்தார். தலையைத் தூக்கி மாரப்பனைப் பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாரப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சட்டையைத்தான் போடுவார்.

“ஏனுங்ணா” என்றார் விஜயகுமாரி.

மாரப்பன் முதலில் நீலக் கையைப் பின்னால் கொண்டுபோனார். பிறகு பச்சைக் கையையும் கொண்டுபோனார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பிடிபட்டவர் மாதிரி, லாரி கிளம்புகிற வரைக்கும் நின்றார். மருதாளின் குழாய் கடைசியாக ஏறியது.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். அடுத்த தண்ணீர் நாளில், எப்போதும் மூன்றாவதாக இருக்கும் மருதாளின் குடங்கள் வரிசையின் கடைசியில் இருந்தன. யார் நகர்த்தியது என்று தெரியவில்லை. மருதாளின் முறை வந்து, இரண்டாவது குடம் பாதி நிறைந்தபோது குழாய் இருமி நின்றுவிட்டது. பன்னிரண்டு நாளைக்கு ஒன்றரைக் குடம்.

மருதாளும் திட்டவில்லை. அரைக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏனுங்க, நம்மூட்ல தண்ணி இல்லைங்கறதே உங்களுக்கு மறந்து போச்சுங்களா?”

மாரப்பன் சட்டையைக் கழற்றி, மடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார்.

*

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார். காதர்பேட்டையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பனியன் கடைகளைத் தாண்டி, ஒரு சந்துக்குள் இரண்டாவது மாடி. ‘மக்கள் நாடி: கருத்துக் கணிப்பு மற்றும் உண்மை மேலாண்மை மையம்’ என்று போர்டு. எழுத்துக் கூட்டி முடிக்கும்போது மூச்சும் சீராகிவிட்டது.

உள்ளே போவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்த அலுவலகத்தில் தாங்கள் பெற்ற சேவை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தது. இன்னும் சேவை எதுவும் பெறவில்லையே என்றார் மாரப்பன். வெளியே போகும்போது பலர் நிரப்பாமல் போய்விடுகிறார்கள், அதனால் முதலிலேயே வாங்கிவிடுகிறோம் என்றார்கள். மாரப்பன் பேனாவை வாங்கினார். டிக் போட்ட பிறகுதான், ‘மிகவும் திருப்தி’ என்ற கட்டத்தில் போட்டிருப்பதைக் கவனித்தார். கையை ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

மண்டல இயக்குநர் மோகன்ராஜ் அவரை எழுந்து நின்று வரவேற்றார். கேள்விக்குப் பதில் சொன்ன ஆள் நேரில் வந்திருக்கிறார் என்று கதவைத் திறந்து மற்றவர்களையும் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் வந்து சுற்றி நின்றார்கள். எட்டு வருடமாகக் கணிப்பு வேலை செய்தும் கருத்துச் சொன்ன ஒருவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று ஒரு பெண் நெகிழ்ந்து சொன்னார். இன்னொருவர் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார். சுரேந்தர் மட்டும் கதவோரமாக நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரப்பன் வந்த விஷயத்தைச் சொன்னார். அன்றைக்குச் சொன்னது பொய். பையர் ஆள் என்று நினைத்துவிட்டேன். தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. அதை மாற்ற வேண்டும்.

மோகன்ராஜ் முகம் வாடவில்லை.

“பொய்யின்னு சொல்லாதீங்க. எங்ககிட்ட பொய்யின்னு ஒரு கட்டமே கிடையாது. திருப்தி, ஓரளவு திருப்தி, கருத்து இல்லை. மூணுதான். உலகம் பூரா அப்படித்தானுங்க. இன்னொண்ணு பாருங்க. சொல்றவரைக்கும்தான் அது உங்க கருத்து. சொன்னதுக்கு அப்பறம் அது டேட்டா. அது எங்களுது. நீங்க இப்ப வந்து மாத்தணும்னு கேக்கறது, வித்த மாட்டைப் போயி மறுபடி கறக்கற மாதிரி.”

பிறகு அவர் மாரப்பனின் தகுதியை விளக்கினார். நீங்கள் இப்போது ஒரு ஆள் இல்லை. உங்களுக்குள் பதினோராயிரத்து நானூறு பேர் இருக்கிறார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் மனசு மாறினால் மற்ற பதினோராயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேருக்கும் துரோகம் ஆகிவிடும். அவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் யோசிக்கலாம்.

“அவிய எல்லாம் யாருங்க சார்?”

“அது ரகசியங்க. எங்களுக்கே தெரியாது.”

மாரப்பனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. திருப்தி இல்லை என்று சொல்ல ஒரு கட்டமே இல்லாதபோது, தொண்ணூற்றேழு என்று எப்படி வந்தது? அப்படியானால் நூறு அல்லவா வந்திருக்க வேண்டும்? மோகன்ராஜுக்கு இந்தக் கேள்வி நிரம்பவும் பிடித்துப்போனது. நூறு என்று போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் மூன்றை எடுத்துவிட்டோம், அதைத்தான் விஞ்ஞானப்பூர்வமான சீரமைப்பு என்கிறோம் என்றார். உற்சாகத்தில் மேலும் சொன்னார்.

“தேர்தல்ங்கறது ஒரே நாள் சமாச்சாரம். அன்னைக்கு வெயில் அடிக்கும், தலை வலிக்கும், ஜனங்க என்னத்தையோ நெனச்சுட்டு எதையோ அழுத்திப்போட்டுப் போயிருவாங்க. அந்தத் தப்பு நடந்துரக் கூடாதுன்னுதான் அவிய மனசுல என்ன இருக்கோணும்னு நாங்க முன்னாடியே எடுத்துச் சொல்லிப்போடறது.”

மாரப்பன் தனக்குத் தெரிந்த வகையில் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். செக்கிங்கில் ஓட்டைப் பீஸ் ஒன்று தெரியாமல் பாஸ் ஆகிவிட்டால், கன்டெய்னர் கிளம்புவதற்குள் பெட்டியைப் பிரித்து எடுத்துவிடுவோம். அப்படி எடுக்க முடியாதா?

“உங்க கன்டெய்னர் தூத்துக்குடி தாண்டிருச்சுங்க” என்றார் மோகன்ராஜ்.

ஆனால் விதியில் ஒரு இடம் இருந்தது. கருத்துச் சொன்னவரே கேட்டுக்கொண்டால், அவர் குடியிருக்கும் இடத்துக்கு வந்து அக்கம்பக்கத்தாரிடம் மறு உறுதி செய்யலாம். உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் மதிக்கிற ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். அந்தச் சாட்சியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார். மாரப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த தண்ணீர் நாளில் வந்தால் வரிசையைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டார். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். சரி என்றார்கள்.

படி இறங்கும்போது சுரேந்தர் பின்னாலேயே வந்தார். டீ சாப்பிடலாம் என்று பேக்கரிக்குக் கூட்டிப்போனார். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அருள்புரத்துக்குப் பத்துப் பேருங்ணா. ஒரே நாள்ல முடிக்கோணும். எங்களுக்கும் பீஸ் ரேட்டுத்தான். உங்களுது நல்லாக் கோர்வையா இருந்துச்சு. மத்த ஒம்பதையும் ஒரு பேக்கரில உக்காந்து, உங்களையே பாத்துப் போட்டுட்டனுங்க.”

மாரப்பனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அந்த ஒன்பது பேர் யார் என்று கேட்டார்.

“நீங்கதானுங்ணா.”

வயதையும் பெயரையும் மட்டும் மாற்றியதாகச் சொன்னார். ஒருவர் இருபத்து மூன்று வயதுக் கல்லூரிப் பெண். ஒருவர் அறுபத்தொரு வயது விவசாயி. ஒருவர் பவர்லூம் ஓனர். எல்லோரும் எட்டு மணி நேரம்தான் வேலை பார்த்தார்கள். ஓ.டி. அவரவர் விருப்பம்.

ஆக, ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பேர். இவன் சட்டைக் காலரைப் பிடித்து நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டும் என்று மாரப்பனின் கை எழுந்தது. பாதியில் நின்றுவிட்டது.

டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும் சட்டை நினைவுக்கு வந்தது. அந்த லாட்டைச் செக் செய்தது யார்? ஷிப்மென்ட் நாள். மேஜையில் பண்டல் மலை மாதிரி குவிந்திருந்தது. மேலே இருந்த ஒரு பீஸை விரித்துப் பார்த்துவிட்டு, பண்டல் மொத்தத்துக்கும் பாஸ் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியது மாரப்பனின் இதே கைதான். பெட்டி திரும்பி வந்தபோது கம்பெனி சூப்பர்வைசர் ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று சொல்லி அவரிடம் ஒன்றைக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டுக்கொண்டு திரிந்தார்.

எழுந்த கையால் டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தார்.

“தப்புத்தானுங்ணா” என்றார் சுரேந்தர்.

“தப்புத்தான் தம்பி” என்றார் மாரப்பன். யாருடையதைச் சொன்னார் என்று அவருக்கே நிச்சயமில்லை.

*

மறு உறுதிக்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும் காம்பவுண்டு மாரப்பனைப் பாதி மன்னித்தது. மீதிப் பாதியை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்று வைத்திருந்தார்கள். மருதாள் சாயங்காலங்களில் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

“தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்காங்க வருது?”

“போது...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, “பன்னண்டு நாளுங்க” என்பார் மாரப்பன்.

“எவ்வளவு நேரம்?”

“முக்கா மணி நேரமுங்க.”

“இப்படித்தான் சொல்லோணும். மனசுல பட்டதைச் சொல்லுங்க. தாளு ஒண்ணும் இல்லை.”

நான்கு நாளில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எல்லோரிலும் விஜயகுமாரிதான் நன்றாகச் சொன்னார். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாத கதையை அவர் சொன்னால் கேட்கிறவருக்கே பசி எடுக்கும். கேள்வி கேட்கிறவர் கையில் ஒரு டம்ளர் போர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லப் போவதாகவும் சொன்னார். இவ்வளவு நன்றாகச் சொல்கிறவர்களைக் கேட்காமல் என்னைப் போய்க் கேட்டார்களே என்று மாரப்பன் கூச்சத்தோடு நினைத்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே குடங்கள் வரிசையில் இருந்தன. மருதாளின் குடங்கள் இன்னும் கடைசியில்தான். எட்டரை மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. மோகன்ராஜ் இறங்கினார். டேப்லெட்டோடு சுரேந்தர் இறங்கினார். பின் கதவைத் திறந்துகொண்டு, உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் மதிக்கிற சாட்சியும் இறங்கினார்.

சத்யப்பிரியா மேடம். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

மோகன்ராஜ் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். ஜனநாயகத்தில் மக்களின் குரல்தான் கடைசிக் குரல், அதை நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்போம், எங்களுக்குச் சரியாகக் கேட்கிற வரைக்கும் கேட்போம் என்றார். அவர் விலகியதும் மேடம் முன்னால் வந்தார். அவர் முகத்திலும் லேசான தர்மசங்கடம் இருந்தது. லீவு நாளில் இப்படி ஒரு வேலையை அவர் கேட்டு வாங்கியிருக்க மாட்டார். இருந்தாலும் பழக்கம் விடவில்லை.

“பயப்படாம சொல்லுங்க அக்கா. மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

சுரேந்தர் வரிசையின் முதலில் நின்ற விஜயகுமாரியிடம் போனார். குடிநீர் வசதி எப்படி இருக்கிறது?

விஜயகுமாரியின் கையில் போர் தண்ணீர் டம்ளர் தயாராக இருந்தது. அவர் மேடத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். டம்ளரை மெதுவாகக் குடத்துக்குப் பின்னால் வைத்தார்.

“போதுமான அளவு கெடைக்குதுங்க” என்றார். “சுத்தமான தண்ணிங்க.”

அடுத்த வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுகிறார்கள் என்றார். அதற்கடுத்தவர் புகார்ப் பெட்டி இருக்கிறது என்றார். சுரேந்தர் ஒவ்வொரு குடமாக நகர்ந்து வந்தார். யாரும் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் குடத்தின் வாயைப் பார்த்துச் சொன்னார்கள். குடம் காலியாக இருந்ததால் குரல் கொஞ்சம் எதிரொலித்தது.

கடைசியில் மருதாள். சுரேந்தர் கேள்வியை மறுபடி கேட்டார். மருதாள் வாயைத் திறந்தார். மாரப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மாரப்பன் தாங்கியிருப்பார். அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தார்.

“போதுமான அளவுங்க” என்றார். வரிசையிலேயே அதுதான் சின்னக் குரல்.

மாரப்பன் மனசில் பதினைந்து நாளாக வைத்திருந்தது அப்போது தானாக வெளியே வந்தது. நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

“பன்னண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருதுங்க. அதும் முக்கா மணி நேரமுங்க.”

சுரேந்தர் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உங்களுது ஏற்கனவே இருக்குதுங்ணா” என்றார். “ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணக் கூடாதுங்க. அது தப்பு.”

மோகன்ராஜ் ஆமோதித்துத் தலையாட்டினார். மாரப்பன் சுரேந்தரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்துத் தடவை எண்ணினாயே என்று ஒரே வார்த்தை. சுரேந்தரின் பாலிஷ் போட்ட ஷூ மண்ணில் அங்குமிங்கும் தேய்ந்தது. மேஜையில் குவிந்திருந்த பண்டல் மலை மாரப்பனின் கண் முன்னால் வந்து நின்றது. அவர் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டார். அதை விழுங்கியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

அப்போது குழாய் இருமியது. இரண்டு தடவை காற்று வந்தது. பிறகு தண்ணீர் வந்தது.

யாரும் நகரவில்லை. முதல் குடம் விஜயகுமாரியுடையது. அவர் அதைத் தொடவில்லை. பின்னால் திரும்பி மருதாளைப் பார்த்தார். முதலில் நீங்கள் பிடியுங்கள் என்று சொல்ல வந்த மாதிரி இருந்தது. மருதாள் தலையைக் குனிந்துகொண்டார். போதுமான அளவு கிடைக்கிறது என்று சொன்ன வாய் ஈரம் காயவில்லை. மேடத்தின் கண் முன்னால் யார் முதல் குடத்தை வைப்பது? பன்னிரண்டு வீட்டு ஆட்களும் நின்றபடியே நின்றார்கள். பன்னிரண்டு நாள் தண்ணீர் சிமென்ட் மேடையில் விழுந்து, வழிந்து, குடங்களின் அடியைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

மாரப்பனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போய்க் குழாயை மூடினார்.

கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மோகன்ராஜ் கையில் செல்போன்.

“பிரமாதம்” என்றார் அவர். “தண்ணி போதும்னு குழாயை மூடற வாக்காளர். இதைவிட என்னங்க சாட்சி வேணும்?” இந்தத் தடவை முகத்தை மறைக்க வேண்டாம், பெருமைப்பட வேண்டிய விஷயம் என்றும் சொன்னார். மேடம் மெல்லக் காருக்குள் போய் உட்கார்ந்தார். சுரேந்தர் முன் சீட்டில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

கார் போய்விட்டது. மாரப்பனின் கை இன்னும் குழாயின் மேல்தான் இருந்தது. அவர் அதைத் திறந்தார். இருக்கிற வரைக்கும் திருகி, முழுக்கத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்.

தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. போதும் என்று சொன்ன வாயோடு முதலில் நகர யாருக்கும் முகமில்லை. குடம் ஒன்றும் வரவில்லை.